திட்டு நின்ற வாரம்

நானும் அக்காவும் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறோம். முன்னால் கடை, பின்னால் அக்காவின் வீடு, நடுவில் ஒரு துணித்திரை. திரைக்கு அந்தப் பக்கம் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு இல்லை. தினமும் விடாமல் பழக்கினால் வரலாம், விட்டால் வரவே வராது என்று பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அக்காவுக்கு உண்டு. ஆனால் மாமா விழுந்த பிறகு அவள் கும்பிட்டதை விடத் திட்டியதுதான் அதிகம். இஸ்திரிப் பெட்டி சூடானதும் ஆரம்பித்துவிடுவாள்.

"உனக்குக் கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? ஊர்ல அவனவன் வாய் கிழியப் பேசுறான். உனக்கு இந்த மனுஷன் வாய்தான் கெடச்சுதா?"

ஆசை தீரத் திட்டிவிட்டு உள்ளே போய், "ம், 'ப' சொல்லுங்க" என்று மாமா எதிரில் உட்கார்ந்துவிடுவாள்.

"இல்லாத ஆளைத் திட்டி ஏன்க்கா தொண்டையக் காயவைக்கிற?" என்று நான் கிண்டல் செய்வேன். "போடி, வேலையப் பாரு" என்பாள்.

போன வாரம் டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, முன்னேற்றம் ஒன்றுமில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். மறுநாளிலிருந்து அக்கா வாயே திறக்கவில்லை. தேய்த்தாள், மடித்தாள், அடுக்கினாள். திரைக்குப் பின்னால் 'ப'வும் இல்லை.

"என்னக்கா ஆச்சு?"

"பேசி என்னத்துக்கு? யாரு கேக்குறா?"

நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷமாக நான் சொன்னதைத்தானே அவள் சொன்னாள்! எனக்கோ வேலையே ஓடவில்லை. திரையை விலக்கிப் பார்த்தேன். 'ப' சொல்வதற்காக மாமா உதட்டை இறுக மூடித் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். பாவம், அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த சட்டைக் காலர் மேல் பெட்டியை வைத்தபடியே, கூரையைப் பார்த்துக் கத்தினேன்.

"யோவ் கடவுளே! நீயெல்லாம் ஒரு கடவுளா? மாமா உன் குடியையா கெடுத்தாரு? கேடுகெட்ட ஜென்மம்!"

அக்கா தன் பெட்டியை டக்கென்று நிமிர்த்தி வைத்தாள்.

"ஏய், நாக்க அடக்கு! அவரத் திட்ட நீ யாருடி? எனக்கும் அவருக்கும் ஆயிரம் இருக்கும், நீ நடுவுல வராத!"

"நீதான் திட்ட மாட்டேங்கிறியே!"

"அது சரி. ஆளே இல்லைன்னு சொல்லுவியே, இப்ப யார்கிட்ட கத்துன?"

காலர் கருகும் வாடை வந்தது. நான் பெட்டியைத் தூக்குவதற்குள் அக்கா திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ம், சொல்லுங்க. 'ப'."

சத்தம் இல்லை. மறுபடி சொன்னாள். மறுபடியும் இல்லை.

"பாத்துக்கிட்டுத்தானே இருக்க?" என்று ஆரம்பித்தாள். அது மாமாவிடம் இல்லை என்று குரலிலேயே தெரிந்தது. "குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கிட்டு வேடிக்கையா பாக்குற? உன்னை விடுறேனா பாரு!"

அப்பாடா என்றிருந்தது எனக்கு.