மூன்றாவது பீப்பாய்

என் வாய்க்குப் பூட்டுத்தான் போட வேண்டும். ஜலதோஷம் பிடித்த அண்ணிக்குப் பத்து நாளாக எந்த வாசனையும் தெரியவில்லை என்று முதலாளியிடம் உளறிக் கொட்டியது நான்தான்.

எங்கள் அண்ணி வைன் கிடங்கில் ருசி பார்ப்பவர். ஒரு வாய் எடுத்து, கொப்பளித்துத் துப்பிவிட்டு, எந்த மலைச்சரிவில் விளைந்த திராட்சை என்று சொல்லிவிடுவார். இருபது வருஷத்தில் ஒரு சொட்டு விழுங்கியதில்லை. நான் அங்கே பாட்டில் கழுவுகிறேன். அந்த வேலையே அண்ணி தயவில் கிடைத்ததுதான்.

"மூக்கு போன ஆளை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?" முதலாளி மூன்றாவது பீப்பாயைக் காட்டினார். "இதை இன்னிக்குப் பாட்டில்ல அடைக்கலாமா, வேணாமா? சொல்ல முடியலேன்னா நாளைக்கே வேற ஆள் பாத்துக்கறேன்."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பீப்பாயில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடைக்காதீங்க. உள்ள இன்னும் புளிச்சு நுரைக்குது. மெல்லிசா சத்தம் கேக்குது."

முதலாளி சிரித்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"

"அந்தக் காலத்துல இப்படி அவசரப்பட்டு அடைச்சிட்டு, குளிர் போய் வெயில் வந்ததும் பாட்டில் பாட்டிலா வெடிக்குமாம். இரும்பு முகமூடி மாட்டிக்கிட்டுத்தான் கிடங்குக்குள்ள போவாங்களாம். உங்ககிட்ட முகமூடி இருக்கா? ஒரே ஒரு பாட்டில் அடைச்சு உங்க ரூம் ஜன்னல்ல வைங்க. நாலு நாள் பாப்போம்."

முதலாளி வீம்புக்கு வைத்தார். கார்க்கைத் தன் கையாலேயே அடித்து இறக்கிக் கம்பியும் கட்டினார்.

நாலாம் நாள் காலையில் டமார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அறைச் சுவரெல்லாம் சிவப்பு. நல்ல வேளை, முதலாளி இன்னும் உள்ளே காலெடுத்து வைத்திருக்கவில்லை. சாவியும் கையுமாக வாசலிலேயே நின்றிருந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. திராட்சைச் சாற்றை ஜாடியில் ஊற்றி மண்ணில் புதைத்த காலத்திலிருந்து எத்தனை ஆயிரம் பேர் இப்படிக் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள்! அத்தனை பேருடைய காதும் எங்கள் அண்ணிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

முதலாளி நேராகக் கிடங்குக்கு வந்து தானும் பீப்பாயில் காதை வைத்தார். வெகு நேரம் அசையவில்லை.

"எப்பம்மா அடைக்கலாம்?"

"அது அடங்கட்டும், சொல்றேன்."

"நீங்க சொல்றப்பவே அடைச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"தப்புதான் அண்ணி" என்றேன்.

"மூக்கு போனா காது இருக்கு தம்பி. உன் வாய்க்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல" என்று சொல்லி, ஒரு கார்க்கை எடுத்து என் கையில் வைத்தார்.