லயத்தின் குறுக்கே

விடியுமுன்பே பத்துமலையின் கால்சட்டை முழங்கால்வரை நனைந்துவிட்டது. பாராங் கத்தியால் லாலாங் புல்லை வெட்டி வழி திறக்க வேண்டும். நில அளவையாளர் குலசிங்கம் கைகாட்டும் இடத்தில் சிவப்பு முளையை அடித்து இறக்க வேண்டும். மலேசியாவின் ஈப்போ நகரை ஒட்டிய அந்தத் தோட்டத்தில் பாதி ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டபின் அவனுக்குக் கிடைத்த கூலிவேலை அது.

அதிவிரைவு ரயிலுக்கு அங்கே பெரிய நிலையம் வரப்போகிறது என்று குலசிங்கம் சொல்லியிருந்தார். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்.

முளைகள் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை நெருங்கியதும், அங்கே குடியிருந்து ரப்பர் பால் வெட்டும் இருளாயி என்னவென்று விசாரித்தாள்.

"தண்ணி பைப்பு வருதுக்கா," என்றான்.

அவள் நம்பினாள். குழாய் வரப்போகிறதே என்று, உளுத்துப்போன அடுப்படியைப் பிரித்துப் புதுப்பலகை அடித்தாள். பலகையைப் பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான். அவள் கொடுத்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

மறுவாரம், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் தோட்ட மேனேஜர் ஐயாத்துரை, ரயில் நிலையத்துக்கு நிலம் விற்றாகிவிட்டது, மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்றார்.

"இவ்வளவு நாள் சும்மாதானே குடியிருந்தீங்க?"

"பால் கொண்டாந்து ஊத்தினப்ப சும்மான்னு சொல்லலியே ஐயா," என்றாள் இருளாயி.

"ஸ்டேஷன் வந்தா உங்க பிள்ளைகளுக்குத்தான் வேலை."

"அதுவரைக்கும் அதுங்க எங்க படுக்கும்?"

ஐயாத்துரை காரில் ஏறினார். பத்துமலை இருளாயியிடம் வந்தான்.

"எனக்கு முன்னயே தெரியும்க்கா. பைப்புன்னு சொன்னது பொய்."

இருளாயி அவன் பக்கம் திரும்பினாள்.

"பலகை புடிச்சியேடா," என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அன்று மாலை லயத்தார் கூடிப் பேசினார்கள். மாற்று வீடு தராமல் ஒருவரும் வெளியேறுவதில்லை என்று முடிவாயிற்று. தொழிற்சங்கத்துக்கு ஆள் போனது.

மறுநாள் இருட்டுப் பிரியும்போது, அளவைக் கோடு லயத்துக்குள் நுழைய வேண்டிய இடத்தில் பத்துமலை பாராங்கைத் தரையில் வைத்தான். கூடப் புல் வெட்டிய மாயாண்டியும் வைத்தான்.

"வேற ஆள் கிடைக்கும், பத்துமலை," என்றார் குலசிங்கம், தணிந்த குரலில்.

"கிடைக்கும் சார். அவங்களும் எங்களத் தாண்டித்தான் போவணும்லா."

குலசிங்கம் மேனேஜரை அழைத்துவர ஜீப்பை அனுப்பினார். வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வந்து வழியை மறித்து நின்றார்கள். இருளாயி வந்தாள். பத்துமலையின் முகத்தைப் பார்க்காமலே அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நகந்து நில்லு," என்றாள். "பின்னால இன்னும் நம்ம ஆளுங்க வராங்க."