கராஜ் மகாராணி

மனித குலத்தை இரண்டாகப் பிரித்துவிடலாம்: சாலையை ஆளப் பிறந்தவர்கள், அவர்களுக்கு வழிவிடப் பிறந்தவர்கள்.

கோர்டன் ஹாஸ்கெல் இந்த வாக்கியத்தை எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டபோது, மனைவி மார்லினின் பழைய வேனில் மடியில் முட்டைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். வேன் ஒரு குப்பை லாரிக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தது.

வாக்கியம், கார்வெட் என்ற தாழ்வான பந்தயக் கார் வைத்திருப்பவர்களின் மில்பர்ன் ஊர்ச் சங்கத்து மாத இதழுக்கானது. சங்கத் தலைவரும் அவரே, அதில் 'ஸ்டியரிங் பேசுகிறது' என்ற பத்தியைப் பதினோரு வருஷமாக எழுதிவருபவரும் அவரே. பத்தியில் டயர்கள் வளைவுகளோடு ரகசியம் பேசும். என்ஜின் கர்ஜிக்கும். ஓட்டுகிறவனின் முதுகெலும்பில் மின்சாரம் பாயும். உண்மையில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தது காரின் பேட்டரிக்குள்தான். கோர்டனின் சிவப்பு கார்வெட் கராஜில், மெத்தென்ற உறைக்குள், சுவர் சார்ஜரின் ஆரஞ்சு நிற வயரைப் பின்பக்க மூடி வழியாக உள்ளே வாங்கிக்கொண்டு, வருஷத்தில் முந்நூற்று நாற்பது நாள் தூங்கியது. ஓட்டாத காருக்கு பேட்டரி இறங்கிவிடும். ஆகவே எப்போது சொருகினோம் என்பதை ஒரு துண்டு நாடாவில் எழுதி வயரில் ஒட்டவேண்டும் என்பது கோர்டனின் சட்டம். 'தேதி ஒட்டாதவன் கார் வைத்துக்கொள்ளவே லாயக்கற்றவன்' என்று மார்ச் இதழில் முழங்கியிருந்தார்.

அன்று அவருக்குக் கோபம். கோபம் அவருக்கு ஒன்றும் விருந்தாளியல்ல, வீட்டு ஆள்தான். ஆனால் அன்றைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. சங்கச் செயலாளர் வெர்ன் டட்டில், ஓய்வுபெற்ற தபால்காரர், காலையில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஜூலை நான்கு சுதந்திர தின அணிவகுப்பில் சங்கத்தின் முதல் காராக யார் போவது என்பதை இந்த வருஷம் உறுப்பினர்கள் பேசி முடிவு செய்வார்களாம்.

"பேசறதுக்கு என்ன இருக்கு? ஒன்பது வருஷமா நான்தான் முன்னாடி போறேன்!"

"முட்டை," என்றாள் மார்லின்.

"என்ன?"

"கத்தும்போது கையை ஆட்டாத. முட்டை உடையும்."

ஜூன் இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை காலை, பான்கேக் கடையின் கார் நிறுத்துமிடத்தில் சங்கம் கூடியது. கார்கள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு துணியோடு, இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக யோலாண்டா ப்ரூயிட் வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். அவளுடைய மஞ்சள் கார்வெட்டுக்குப் பதினெட்டு வயது. கூரையெங்கும் ஆலங்கட்டி மழை குத்திய குழிகள். பக்கத்து சீட்டில் அழுக்குத் துணிக்கூடை, பின்னால் நாய்க்கு வாங்கிய இருபது கிலோ தீனி மூட்டை.

இறங்குவதற்கு முன்பே எல்லோருக்கும் கையசைத்தாள். கோர்டனின் ரத்தம் கொதித்தது. கார்வெட் ஓட்டுகிறவர்கள் எதிர்ப்படும்போது ஒருவருக்கொருவர் கை காட்டுவது ஊருலக வழக்கம். அதை எப்படிச் செய்யவேண்டும் என்று கோர்டன் நான்கு பக்கம் எழுதியிருந்தார்: கை ஸ்டியரிங்கிலேயே இருக்கவேண்டும், இரண்டு விரல் மட்டும் எழவேண்டும், முகத்தில் சிரிப்பு கூடாது. இவளோ முழங்கை வெளியே தெரிய, பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி ஆட்டுகிறாள். அதுவும் எல்லாருக்கும். போன வாரம் ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்குக் கை காட்டியதைக் கோர்டன் கண்ணால் பார்த்தார்.

"விஷயம் இதுதான்," என்றார் வெர்ன். "தினமும் கார்வெட்டை ஓட்டறவங்க முன்னாடி போகட்டும்னு யோலாண்டா சொல்றா."

"தினமும்னா?" கோர்டனின் குரலில் நீதிமன்றம் கூடியது. "தினமும் என்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்? நான் தினமும் அந்தக் காரைப் பத்தி யோசிக்கிறேன். தினமும் துடைக்கிறேன். ஒருத்தனுக்கும் காருக்கும் உள்ள உறவை மைல் கணக்கில்..."

"கண்ணு," என்றாள் யோலாண்டா. அவளுக்கு ஊரே கண்ணுதான். போலீஸ்காரரும் கண்ணு, பாதிரியாரும் கண்ணு. "உங்க வண்டி அழகு. யாரு இல்லேன்னா? ஆனா அது கராஜ் மகாராணி. மழையைப் பாத்ததில்ல, வெயிலைப் பாத்ததில்ல. பாவம், குருவி எச்சம்கூடப் பாத்ததில்ல. என் வண்டி வேலைக்காரி. வேலைக்காரிக்கு ஒரு நாளாவது முன்னாடி போக ஆசை இருக்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேருடைய கார்களும் மகாராணிகள்தான். ஆனாலும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கோர்டனின் காதில் ஈயமாக இறங்கியது.

"நான் ஓட்டமாட்டேன்னு எவன்யா சொன்னது?" என்று கத்தினார். "இன்னும் பத்து நாள் இருக்கு. பத்து நாளும் ஓட்டறேன். தினம் ஒரு போட்டோ அனுப்பறேன். ஒரு நாள் தவறினா, இந்த அம்மாவுக்குப் பின்னாடி நான் நடந்தே வரேன்!"

"சரிய்யா," என்றார் வெர்ன். "ரெண்டு பேரும் அனுப்புங்க. ரெண்டு பேரும் பத்து நாளும் ஓட்டியிருந்தா, வழக்கப்படி தலைவர் முன்னாடி. ஒத்துக்கறியா யோலாண்டா?"

"நான் எப்படியும் ஓட்டத்தானே போறேன், கண்ணு."

முதல் நாள் கோர்டன் வங்கிக்குப் போனார். காரிலிருந்தபடியே பணம் எடுக்கும் ஜன்னல் அவருடைய தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. கையை நீட்டினார், எட்டவில்லை. கதவைத் திறந்தார், சுவர் இடித்தது. உள்ளேயிருந்த பெண் எட்டிப் பார்த்து, "சார், எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கோர்டன் வங்கியைத் திட்டினார், ஜன்னலைத் திட்டினார், லாரிகளைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார்.

இரண்டாம் நாள் காய்கறிக் கடை. தள்ளுவண்டிகள் இடித்துவிடுமோ என்று வாசலிலிருந்து அரை மைல் தள்ளி நிறுத்திவிட்டு, ஒரு தர்பூசணியை மார்போடு அணைத்துக்கொண்டு வேகாத வெயிலில் நடந்து வந்தார். வீட்டுக்கு ஓட்டிப்போகும் வழியில் தர்பூசணி பின்பக்கத்தில் உருண்டுகொண்டே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் டயர்களுக்குப் பதில் அதுதான் பேசியது. வீட்டில் இறங்கும்போது முதலில் ஒரு கால், பிறகு கைகள், பிறகு தரையில் முட்டி என்று பிரசவம்போல வெளியே வந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே குனிந்த நிலையில் பார்த்தால், பானெட்டின் நடுவில் ஒரு புறா எச்சம்.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள், ஜூன் இருபத்தாறு, காலையில் இஸ்திரி போட்ட எட்டுச் சட்டைகளோடு படியிறங்கினார்.

"எட்டுச் சட்டை எதுக்கு?" என்றாள் மார்லின்.

"சலவைக்குக் குடுக்கணும்."

"எல்லாம் சலவை பண்ணினதுதானே?"

"உனக்கு எல்லாத்துக்கும் விளக்கம் வேணுமா? உன்கிட்டயும் போட்டோ காட்டணுமா?"

மதியத்துக்குள் நூலகம், தபால் நிலையம், மருந்துக்கடை, முடிதிருத்தும் கடை, இரும்புச் சாமான் கடை, பள்ளிக்கூடம், தேவாலயம், கால்நடை மருத்துவமனை என்று எட்டு இடத்தில், எட்டுச் சட்டையில், எட்டுப் படம் எடுத்தாகிவிட்டது. அவர்கள் வீட்டில் நாயோ பூனையோ கிடையாது. படுத்த வாக்கில் ஓட்டும் காருக்குள் சட்டை மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. தேவாலய வாசலில் முழங்கை ஹாரனில் பட்டு, சவ அடக்கத்துக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கை சட்டைக்குள் மாட்டிக்கொண்டிருக்க, மறு கையால் கோர்டன் இரண்டு விரலை மட்டும் எழுப்பினார்.

வீட்டுக்கு வந்து காரைக் கழுவி, சார்ஜரைச் சொருகி, தன் சட்டப்படி நாடா ஒட்டி, உறை போட்டார். அதன்பின் தினம் ஒரு படமாக வெர்னுக்கு அனுப்பினார். குற்றவுணர்வு வந்ததா என்றால் வந்தது. ஆனால் கோபத்தின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வந்தது. நேர்மையான மனிதனை இந்த நிலைக்குத் தள்ளியது யார்? ஒரு சமையல்காரி! மாத இதழுக்கு 'கூட்டத்தின் கொடுங்கோன்மை' என்று ஆறு பக்கம் எழுதினார்.

யோலாண்டாவின் பத்துப் படங்களும் வந்தன. ஒன்றில் கார் முழுக்கச் சேறு. ஒன்றில் பின்பக்கம் கயிறு கட்டிய மெத்தை. வெர்ன் இரண்டு பேரையும் சமம் என்றார். தலைவர் முன்னால்.

"போங்க கண்ணு," என்றாள் யோலாண்டா போனில். "பின்னாடி நான் வரேன்."

ஜூலை நான்கு காலை. கோர்டன் விடிந்ததிலிருந்து சக்கரங்களைப் பல் துலக்கும் பிரஷால் துடைத்துக்கொண்டிருந்ததில் நேரமாகிவிட்டது. உறையைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே ஏறும்போது மார்லின் கதவோரம் காப்பியோடு நின்றாள்.

"எல்லாத்தையும் கழட்டியாச்சா?"

"உறையைக் கழட்டாம ஓட்டுவாங்களா? பச்சைப் பிள்ளையைக் கேக்கற மாதிரி கேக்காத! அறுபத்து மூணு வயசாகுது எனக்கு!"

"சரி. நான் ஒண்ணும் சொல்லல," என்று ஒரு வாய் காப்பி குடித்தாள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது பேண்ட் வாத்தியம் நகரத் தொடங்கியிருந்தது. வெர்ன் கொடியை ஆட்டி, "போ, போ, முன்னாடி போ!" என்று விரட்டினார். கோர்டன் எல்லாக் கார்களையும் தாண்டி முன்னால் நுழைந்தார்.

பிரதான சாலையின் இருபுறமும் ஊரே நின்றது. அவரைப் பார்த்ததும் கைகள் எழுந்தன. கோர்டன் முகத்தில் சிரிப்பில்லாமல் இரண்டு விரலை எழுப்பினார். ஜனங்கள் இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார்கள். சிலர் சாலைக்கே இறங்கிவந்து ஆட்டினார்கள். ஒன்பது வருஷத்தில் இப்படியொரு வரவேற்பு இல்லை. ஆனாலும் ஒருத்தருக்காவது முறை தெரியவேண்டாமா? பாதிப் பேர் விரலை நீட்டிச் சுட்டுகிறார்கள். சுட்டுவது வணக்கமா? போதாக்குறைக்குப் பின்னாலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம். சாலை போட்டவனை மனசுக்குள் வறுத்தெடுத்தார். ஊர்ப் பணத்தையெல்லாம் தின்றுவிட்டு, ஒரு மைல் சமமாகப் போட வக்கில்லை.

யோலாண்டா ஹாரன் அடித்தாள். விடாமல் அடித்தாள். கண்ணாடியில் பார்த்தால், இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே வந்து கத்திக்கொண்டிருந்தாள்.

"கண்ணு! பின்னாடி! பின்னாடி!"

கோர்டனுக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு ஜனங்களுக்கு முன்னால், தோற்ற பிறகும், அவரைப் பின்னால் போகச் சொல்கிறாள். அவரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"நீ போ பின்னாடி! பத்து நாள் ஓட்டியிருக்கேன்! பத்து நாள்! ஊருக்கே தெரியும்!"

ஊர் கை தட்டியது.

நீதிமன்றக் கட்டடத்தின் முன் அணிவகுப்பு முடிந்தது. கோர்டன் ஒரு கால், இரு கை, ஒரு முட்டி என்று வெளியே வந்தார். முகம் காரைவிடச் சிவந்திருந்தது. சங்கம் மொத்தமும் சுற்றி நின்றது. "ஒழுக்கம்!" என்று தொடங்கினார். "ஒரு சங்கத்துக்கு ஒழுக்கம் வேணும்! சொன்ன சொல் தவறாம பத்து நாளும் ஓட்டினவனைப் பாத்து..."

ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. வெர்ன் காரின் பின்னால் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். யோலாண்டா அதன் மறுமுனையைக் கையில் பிடித்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். படித்தாள். பிறகு, கண்ணு என்றுகூடச் சொல்லாமல், வெர்னிடம் நீட்டினாள்.

வயர் இருபத்தைந்து அடி நீளம். ஆரஞ்சு நிறம். முனையிலிருந்த பிளக்கில் ஒரு கால் வளைந்திருந்தது. அதையொட்டிய நாடாவில் கோர்டனின் கையெழுத்தில், 'சொருகியது: ஜூன் 26' என்று இருந்தது.