முதலாம் மாதம், பதினாலாம் தேதி

டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள், சோறு போட்டுக்கொண்டே சீதா சொன்னாள்:

"முதலாம் மாசம் பதினாலாந்தேதி சாயங்காலத்துல இருந்து ஏழு நாளைக்கு வீட்டுல புளிச்ச மாவு இருக்கக் கூடாதுங்க. ஒரு தடவ இருந்து பாக்கலாம்னு இருக்கேன்."

என் மனைவி செவ்வாய்தோறும் மேற்கு மாம்பலத்தில் யார் வீட்டிலோ நடக்கும் பைபிள் வகுப்புக்குப் போகிறாள். போகட்டும் என்று விட்டிருந்தேன். ஆனால் முதல் மாதம் பதினாலு என்றால் ஜனவரி பதினாலு. பொங்கல்! கோவில்பட்டியிலிருந்து அம்மா வந்து இறங்கும் நாள். இட்லி இல்லாமல் அம்மாவுக்குப் பொழுது விடியாது. மாவைக் கொட்டிய மருமகளைப் பற்றி ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிடுவாள். நினைக்கும்போதே எனக்குத் தலை வெடித்தது.

சீதாவிடம் வாய் கொடுத்து ஜெயிக்க முடியாது. அவள் புத்தகத்தை வைத்தே அவளை மடக்க வேண்டும். அவள் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து பைபிளில் யாத்திராகமத்தைப் புரட்டினேன். அந்த முதலாம் மாதம் யூதர்களின் ஆபீப் மாதமாம். வாற்கோதுமை கதிர் விடும் காலம், மார்ச் ஏப்ரல் வாக்கில் என்று பின்பக்கத்தில் விளக்கம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

ரங்கநாதன் தெருவில் என் ஜவுளிக் கடையில் துணி வெட்டும் கலீமுல்லாவிடம், யூதர்களின் பதினாலாம் தேதி எப்போது வரும் என்று கேட்டேன்.

"இன்னா மொதலாளி, அவுங்களுக்கு ஏது ஜனவரி? எங்கள மாதிரி பிறை பாத்துதான் மாசம். பதினாலுன்னா பௌர்ணமி வந்துகினு இருக்கும்."

அப்பாடா என்று 97 காலண்டரைப் பிரித்தேன். கதிர் விடும் காலத்துப் பௌர்ணமி, பங்குனி உத்திரம்! பொங்கலுக்கு வரும் அம்மா அதுவரை எங்களோடு இருந்து, குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போகிற நாள். பொங்கலிலிருந்து தப்பித்துக் குலதெய்வத்திடம் மாட்டிக்கொண்டேன். இந்த யூதர்களுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் பொறுமை போய்விட்டது.

"பொங்கல் இல்லன்னா பங்குனி உத்திரமா? கலீமுல்லாட்ட வரைக்கும் கேட்டுட்டேன். எங்கம்மா இருக்கிற நாளாப் பாத்து ஏன் இப்படி உயிர எடுக்க?"

சீதா கரண்டியோடு நின்றாள்.

"பங்குனியும் இல்ல. மூணு வருசத்துக்கு ஒருக்க அவங்க ஒரு மாசம் கூட்டிக்கிடுவாங்க. இல்லன்னா கதிர் விடுறதுக்கு முந்தியே பண்டிகை வந்துரும். வார வருசம் பதிமூணு மாசம். அதனால சித்திரைக்குப் போயிருது. அத்தை ஊருக்குப் போன பொறவுதான்னு பாத்துட்டுத்தான் உங்கட்ட சொன்னேன். ஜனவரின்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான்.

"கலீமுல்லா பாய் வரைக்கும் கேட்டிருக்கீங்க. அதப் படிக்கிறவ இந்த வீட்டுலதான இருக்கேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"அதுல அப்படி என்னதான் படிக்க, சீதா?"

"ரசம் ஊத்தவா?" என்றாள்.