பாஸ்போர்ட்டில் இருக்கிறவள்

பெரியகுளத்து ஆபீஸ் வராந்தாவில் மூன்று பேரும் காலையிலிருந்து காத்துக் கிடந்தார்கள். சின்னக்கருப்பு, அவன் பெண்டாட்டி, அவனைப் பெற்ற ஆத்தா. பெண்டாட்டியின் இலங்கை பாஸ்போர்ட் உள்ளே மேஜைமேல் இருந்தது. அதிலுள்ள விசா நாளை மறுநாளோடு தீர்ந்துவிடும். நீட்டித்துத் தராவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். ஊரான சுருளிப்பட்டியில் விட்டுவந்த மூன்று வயதுப் பிள்ளை இங்கே பிறந்தவன். அவன் இங்கே, அவள் அங்கே. போன மாதக் கலவரத்தில் அங்கே அவள் அண்ணன் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று இன்னும் ஒரு கடுதாசி இல்லை.

"பொன்னாத்தாள்!" என்று உள்ளேயிருந்து கிளார்க் கூப்பிட்டார்.

எழுந்து போனது மாமியார்.

கிளார்க் போட்டோவைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "ஏம்மா, ஒனக்கு இருவத்தஞ்சு வயசா? போட்டோ பிடிச்சதுக்கப்புறம் ரொம்பத்தான் வாடிட்ட!"

"அது எம் மருமக சாமி. கூப்பிட்டது எம் பேரு, அதான் வந்தேன்."

பொன்னாத்தாளாகத்தான் மருமகளும் வந்தாள்; கல்யாணமாகி வந்த அன்றைக்கே அவள் பேரை மாற்றிவிட்டார்கள். மாமியாருக்கும் அதே பேர். மருமகளை வையாத வீடு உண்டா? பேரைச் சொல்லி வைதால் மாமியாரை வைத மாதிரி ஆகிவிடுமே! ஆகவே சங்கிலியம்மாள். அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா? யார் கேட்கப் போகிறார்கள்.

இத்தனை வருஷமும் பாஸ்போர்ட்டை மட்டும்தான் பார்த்தார்கள். இந்த வருஷம் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டு ரேஷன் கார்டும் கேட்டார்கள். கார்டில் பொன்னாத்தாளுக்கு வயது ஐம்பத்தெட்டு, சங்கிலியம்மாளுக்கு இருபத்தைந்து.

"அப்ப பாஸ்போர்ட்டுக்காரி எங்கய்யா? யாரு இந்தச் சங்கிலியம்மா?"

வாயைத் திறக்காதே என்று பஸ்ஸிலேயே அவளிடம் சொல்லியிருந்தான் சின்னக்கருப்பு. கிளார்க் அவள் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. ஒம் பேரு என்ன?"

பக்கத்தில் மாமியார். அந்தப் பேரை மருமகள் வாயால் சொல்லி ஆறு வருஷமாகிறது.

"பொன்னாத்தா!" கத்தலாகத்தான் வந்தது. அறை வாங்கியவள்போல மாமியார் திரும்பினாள்.

கிளார்க் பேனாவை எடுத்தார். "நீ சொன்னாப் போதுமா? ஒரு மாசம் இங்க இருக்கச் சீட்டு தாரேன். அதுக்குள்ள போலீஸ்காரக ஊருக்கு வந்து நாலு வீட்டுல விசாரிப்பாக. பொன்னாத்தாங்கிற பிள்ள இங்கன இருக்கான்னு கேப்பாக. இல்லேன்னு தகவல் வந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

சீட்டை மடித்து மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். தெருவை மனசுக்குள் ஒவ்வொரு வீடாக நடந்து பார்த்தாள். குழாயடியில் கேட்டால் சங்கிலி. ரேஷன் கடையில் கேட்டால் சங்கிலி. உங்கம்மா பேரென்னடா என்று போலீஸ்காரர் குனிந்து கேட்டால், பெற்ற பிள்ளையே சிரித்துக்கொண்டு சொல்லும்.

பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போகிற பஸ் வந்து நின்றது.

"ஏ சங்கிலி, நிக்கிறா பாரு. ஏறு!" என்றாள் மாமியார்.

அவள் அசையவில்லை. "யாரக் கூப்பிடுறீக?"

"எம் பேரச் சொல்லியா ஒன்னயக் கூப்பிடணும்?"

கண்டக்டர் விசில் ஊதினார். படியில் ஒரு காலோடு சின்னக்கருப்பு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கூப்பிடுங்க அத்த," என்றாள் அவள். இன்னும் நகரவில்லை. "முப்பது நாளுதான் இருக்கு."