தொட்ட குட்டி

...தொட்டது அவள்தான், வேறு யாருமில்லை, இரண்டு கைகளாலும் வாரித் தூக்கி, பன்னிரண்டு வருடமாகத் தீவில் இறங்குகிற ஒவ்வொரு கூட்டத்திடமும் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்க, எதையும் தொடாதீங்க என்று தொண்டை வறளக் கத்துகிற வழிகாட்டி யாமிலெத்தே தொட்டுவிட்டாள். வேறென்ன செய்ய? தலைநகர் கீத்தோவிலிருந்து வந்த டீச்சர் எஸ்தெலா கேமராவில் கண்ணை வைத்தபடி முதுகுப்பக்கமாகவே நடந்தார், அவர் குதிகாலுக்கு ஒரு சாண் தூரத்தில் கடற்சிங்கக் குட்டி தூங்கியது, கத்தியிருக்கலாம், கத்தியிருந்தால் போதும்... கை முந்திக்கொண்டது. இப்போது அது மணலில் கிடந்து அம்மாவைக் கூப்பிடுகிறது, அவள் கையில் பூசியிருந்த வெயில் களிம்பின் தேங்காய் வாசனை அதன் மேல் இருக்கும். தாய் மோந்து பார்ப்பாள், மனித வாடை அடித்தால் விட்டுவிட்டுப் போய்விடுவாள், குட்டி பட்டினியில் சாகும். இதைச் சொன்னால்தான் கூட்டம் அடங்கும். ஆனால் அப்படி நடந்து யாமிலெத்தே பார்த்திருக்கிறாளா? ஒரு தடவையாவது? அவளுக்குச் சொன்னது முன்பிருந்த வழிகாட்டி, அவருக்குச் சொன்னது யார்?

“ஏம்மா, இப்ப அதோட அம்மா சேத்துக்குமா சேத்துக்காதா?” எஸ்தெலாதான். இந்தச் சுற்றுலாவில் மழைக்காட்டில் ஒரு வாரம், இடிபாடுகளில் இரண்டு நாள், எங்கேயும் இந்தம்மாவின் கேள்வி ஓய்ந்ததில்லை என்று கூட்டமே புலம்புகிறது.

“தெரியல டீச்சர்.”

“காலையில எல்லாம் தெரிஞ்சவ மாதிரி மிரட்டுன!” பின்னால் யாரோ சிரித்தார்கள். படகோட்டி வில்மெர் தண்ணீரில் நின்றபடி கத்தினான். “அக்கா, ஆறு மணிக்குள்ள தீவைக் காலி பண்ணணும், மறந்துட்டீங்களா? தீவுக் காவல்காரங்க வந்தா என்னையத்தான் புடிப்பாங்க.”

“அஞ்சு நிமிஷம்டா, உயிர வாங்காத.”

ஈரம் மினுங்க அலையிலிருந்து ஏறி வந்தது தாய், வழியில் கிடந்த மற்றக் குட்டிகளைத் தள்ளிவிட்டு நேராக இதனிடம், எப்படித் தெரிகிறது, குரலிலா, வாடையிலா, இரண்டும் சேர்ந்தா... மூக்கைக் குட்டியின் விலாவில் வைத்தது, சரியாக அவள் கை பிடித்த இடத்தில், மறுபடி அதே இடத்தில், பிறகு தும்மிக்கொண்டு முகத்தைத் திருப்பியது. பார்த்தீர்களா, நான் சொன்னேனே... அந்தச் சொற்கள் யாமிலெத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. அதற்குள் தாய் பொத்தென்று ஒருக்களித்துச் சாய்ந்தது, குட்டி முட்டி மோதி மடியைக் கண்டுபிடித்தது.

கூட்டம் கைதட்டியது, எஸ்தெலா மூக்கை உறிஞ்சினார், யாமிலெத்தும் தட்டினாள், நிஜமாகவே கண் கலங்கியது. ஆனால் தாய் முகம் திருப்பிய அந்த ஒரு கணம்... அப்போது நெஞ்சில் குபீரென்று பொங்கியது பயமில்லையே. பயம் இவ்வளவு இதமாகவா இருக்கும்?

“ஏறுங்க, ஏறுங்க,” என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.