இழுத்துக்கொண்டு போன கார்

கார் இல்லாமல் ஒரு குடும்பம் இருக்க முடியாது என்று என் மருமகன் ஆனந்தராசா சொன்னபோது அவனுக்குக் கார் ஓடத் தெரியாது. பிறகுதான் பழகினான்.

சண்டைக் காலம் அது. அவன் தம்பலகாமத்தில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு திருகோணமலையில் ஒரு கந்தோருக்கு வேலைக்குப் பஸ்ஸில் போய்வருவான். என் மகள் பூரணிக்கு நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி தொடங்கினால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம், குலுக்காமல் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

"பஸ் ஓடாத நாளில வலி வந்தா என்ன செய்யிறது மாமா? தோளில தூக்கிக்கொண்டு போறதோ?"

"வாங்கும் தம்பி, வாங்கும். வாங்கிறது நீர், ஓடுறது வேற ஆக்கள்."

சும்மா சொல்லவில்லை. றோட்டில் ஓடுகிற வாகனம் எதுவென்றாலும் ஒரு நாள் ஆமி மறிக்கும், இன்னொரு நாள் இயக்கப் பெடியள் மறிப்பார்கள். அவசரத் தேவை, திருப்பித் தருவோம் என்று இரண்டு பகுதியும் ஒரேமாதிரிச் சொல்லும். அவர்களுக்குள் நான் கண்ட ஒற்றுமை அது ஒன்றுதான். அதனால் எங்கள் பக்கத்தில் கார் வைத்திருந்தவர்கள் சில்லைக் கழற்றி, காரைக் கல்லில் ஏற்றிவைத்துவிட்டுச் சைக்கிளில் போனார்கள். கார் இல்லாதவர்களும் சைக்கிளில்தான் போனார்கள். வித்தியாசம் என்னவென்றால், இவர்களுக்கு இரவில் நித்திரை வந்தது.

ஆனாலும் ஒரு பழைய மொரிஸ் மைனர் வீட்டுக்கு வந்தது. ஒருமுறை கோயிலுக்குப் போனோம். அடுத்த நாளே ஆமிக்காரர் இரண்டு பேர் வாசல் படலையடியில் நின்று காரை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே அலுவல் பார்த்தோம். நான் முன்சில்லு இரண்டையும் கழற்றி வைக்கோல் போருக்குள் புதைத்தேன். பற்றரியை என் மனைவி அன்னலட்சுமி எங்கேயோ கொண்டுபோனாள். மருமகன் என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லவில்லை. அடி விழுந்தால் மற்றவர் சொல்லிப்போடுவார் என்று எல்லோருக்கும் நல்ல நம்பிக்கை.

ஒரு திங்கட்கிழமை காலை, மருமகன் பஸ்ஸில் போன பிறகு, பூரணிக்கு வலி தொடங்கியது. றோட்டில் செக்கிங்காம், இனிப் பஸ் இல்லை என்று கேள்விப்பட்டோம். பக்கத்து வீட்டுக் குலசிங்கம் முந்தி லொறி ஓடினவன். அவனைக் கூப்பிட்டுவிட்டு வைக்கோலைக் கிளறிச் சில்லை எடுத்துவந்து பூட்டினேன். என் பங்கில் ஒரு பிழையும் இல்லை.

"பற்றரி எங்கயடி?"

அன்னலட்சுமி குலசிங்கத்தைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்தான்.

"அக்காதான் ஒளிச்சு வைக்கச் சொல்லித் தந்தவ."

"ஒளிக்கத்தானே தந்தனான்? ரீவியில படம் பாக்கவோ தந்தனான்?"

"சும்மா கிடந்தா பற்றரி பழுதாப்போகும் அக்கா."

கரண்ட் இல்லாத ஊரில் ரீவியே பற்றரியில்தான். பழுதாகாமல் படம் பார்த்ததில், அவன் கொண்டுவந்து பூட்டியபோது அதற்குள் எஞ்சினைச் சுற்றக் கரண்ட் மிச்சமில்லை. பரவாயில்லை, தள்ளி ஸ்ராட் பண்ணலாம் என்றான் குலசிங்கம். பூரணியைப் பின்சீற்றில் ஏற்றி, றோட்டுவரை தள்ளிப் பார்த்தோம். எஞ்சின் இருமக்கூட இல்லை. பொனற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டான்.

"அண்ணை, இதுக்குள்ள றோட்டர் இல்லை. ஆர் எடுத்தது?"

"அவர்தான்," என்று பூரணி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே இருந்து சொன்னாள். "சேட் பொக்கற்றுக்குள்ள வச்சுக் கந்தோருக்குக் கொண்டுபோறவர்."

"உனக்குத் தெரியுமோ?"

"உங்கட சில்லு வைக்கலுக்குள்ள கிடந்ததும் தெரியும். எல்லாற்றை உடுப்பும் நான்தானே தோய்க்கிறனான்!"

பெருவிரல் அளவு சாமான். அது இல்லாமல் காரில் தீப்பொறி வராது. அது மருமகனோடு திருகோணமலையில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. பூரணி அன்னலட்சுமியின் கையை நசுக்கிக்கொண்டு கத்தினாள்.

அப்போதுதான் கிண்ணியா அப்துல் மஜீத் லான்ட்மாஸ்டரில் வந்தான். இரண்டு சில்லு உழவு மெஷின், பின்னால் பெட்டி. நெல் வாங்க வருகிறவன். அவனுடைய தராசு கள்ளத் தராசு என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். அது அவன் காதுக்கும் போயிருந்தது.

"என்ன அண்ணன், புதுக் காரத் தள்ளுறீங்க?"

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து கயிற்றை எடுத்தான்.

"பெட்டிக்குள்ள ஏத்தினா புள்ளயக் குலுக்கியே கொன்னுபோடும். கார்ல ஸ்பிரிங் இரிக்கி. உள்ளயே இரிக்கட்டும், நான் இழுக்கன்."

அன்னலட்சுமி மகளோடு பின்சீற்றில் ஏறினாள், குலசிங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தான். நான் பெட்டியில் ஏறி, மஜீத்தையும் கயிற்று முடிச்சையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வழியில் ஆமியின் முதல் சென்றிக் காவலில் வான், லொறி, கார் எல்லாவற்றையும் ஓரமாக மறித்து வைத்திருந்தார்கள். ஆமிக்கு வாகனம் தேவையாம். ஆட்களை இறக்கிவிட்டுத் திறப்புச் சாவியை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கார் யார்?" என்று ஒரு ஆமிக்காரன் வந்தான்.

"என்ர. எஞ்சின் வேலை செய்யாது."

அவன் பொனற்றைத் திறந்து, றோட்டர் இருக்கவேண்டிய இடத்தில் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தான். மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான். அவனும் சிரித்தான். பின்சீற்றில் பூரணி கத்திய கத்தில் இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்தினார்கள். லான்ட்மாஸ்டரை அவர்கள் கணக்கெடுக்கவே இல்லை. அதில் ஏறிச் சண்டைக்குப் போக ஒருவரும் ஆசைப்பட மாட்டார்கள்.

"போ ஐயா, போ, போ!"

மற்றச் சென்றிகளிலும் இதே கூத்துத்தான். அன்றைக்கு அந்த றோட்டால் திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்த கார், எனக்குத் தெரிய, எங்களுடையது ஒன்றுதான்.

இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார் டொக்டர். வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பெட்டைப்பிள்ளை. இரண்டு பேரும் சுகம்.

கேள்விப்பட்டு மருமகன் வியர்க்க வியர்க்க ஓடிவந்தான். பொக்கற்றைத் தட்டினான்.

"மாமா, றோட்டர் பத்திரமா இருக்கு."

"பிள்ளையும் பத்திரமாத்தான் இருக்கு. ஒருக்கா அதையும் போய்ப் பாரும்."

பார்த்துவிட்டு வந்தவன் நேரே காரடிக்குப் போனான். அன்னலட்சுமி மகளோடு நின்றுவிட்டாள். நாங்கள் திரும்பவேண்டும். அவன் றோட்டரைப் போட்டான், குலசிங்கமும் மஜீத்தும் தள்ளினார்கள், கார் ஒரு உறுமல் உறுமிப் புகைவிட்டது. மஜீத் கயிற்றைச் சுற்றத் தொடங்கினான்.

"எஞ்சினை நிப்பாட்டும். றோட்டரைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ள போடும்," என்றேன். "தம்பி மஜீத், கயித்தைக் கட்டு."

"ஏன் அண்ணன், இப்ப ஓடுதே?"

"அதாலதான்."

பெட்டியில் ஏறி, மஜீத்துக்கு முதுகைக் காட்டி, முடிச்சுத் தெரிகிற பக்கமாக உட்கார்ந்தேன்.